நாமா, நாங்களா? நால்வர் ஆடிய விளையாட்டும் நாம் பேசும் தமிழும்



இவ்வுரையில் தன்மை ஒருமை வாராது. இதனை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மேடையில் நிற்பவர் ஒருவர். உரையை எழுதியவர் மூவர். உரைக்குப் பொருளான விளையாட்டை ஆடியவர் நால்வர். ஆகவே 'நாங்கள்' என்று சொல்லும்போது அது சில இடங்களில் மூவரையும் சில இடங்களில் நால்வரையும் குறிக்கும். அந்த மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நடந்ததுதான் இவ்வுரையின் பொருள்.

மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் இணைய விளையாட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்காக ஒரு செய்தி. பலர் ஒரே வேளையில் வெவ்வேறு இடங்களிலிருந்து நுழைந்து ஆடும் கற்பனை உலகங்களுள் மிக முந்தியவற்றில் ஒன்று 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் என்னும் இன்னொரு மாணவர் அதனை வளர்த்தெடுத்தார். அதில் படமே இல்லை. காடும் குகையும் புதையலும் அரக்கனும் திரையில் வெறும் சொற்களாகவே தோன்றின. ஆடுபவர் வடக்கே செல்ல வேண்டுமெனில் 'வடக்கு' என்று எழுதவேண்டும். வாளை எடுக்க வேண்டுமெனில் 'வாளை எடு' என்று எழுதவேண்டும். ஆங்கிலத்தில்தான், ஆயினும் எழுதவேண்டும். இன்று வண்ணமும் ஓசையுமாய்ப் பெருகிக் கிடக்கும் இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் மூத்த பாட்டி, சொல்லால் மட்டுமே கட்டப்பட்ட ஒரு வீடு. எனவே மொழியைப் பற்றிப் பேசும் அவைக்கு இப்பொருள் அத்துணை அயலானது அன்று.

எங்கள் கதை 2005-இல் தொடங்குகிறது. கொரியாவில் உருவாகி 2003-இல் வெளிவந்த 'மேப்பிள்ஸ்டோரி' என்னும் விளையாட்டு அவ்வாண்டில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் எனத் தனிப் பதிப்பாக வந்து சேர்ந்தது. அவையில் முப்பது வயதைக் கடந்தவர்கள் சிலர் இப்பெயரைக் கேட்டதும் புன்னகைப்பதைக் காண்கிறோம். அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பெரிய தலையும் சிறிய உடலும் கொண்ட ஒரு பாத்திரம் நமக்கு உண்டு. அதனைப் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ வில்லாளியாகவோ கள்வனாகவோ வளர்க்கலாம். நத்தைகளையும் காளான்களையும் அடித்து அனுபவப் புள்ளிகள் சேர்த்தால் நிலை உயரும். நிலை உயர்ந்தால் பெரிய பகையை அடிக்கலாம். பெரிய பகையை அடித்தால் மேலும் நிலை உயரும். இவ்வளவே விளையாட்டு. பிற்பாடு நம் ஊரும் அதனுள் இடம்பெற்றது. கெர்னிங் என்னும் கற்பனை நகரத்தில் அந்நாளில் பயணச்சீட்டு வாங்கினால் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கலாம். போட் கீயில் நின்று பூதங்களை அடிக்கலாம். மலேசியப் பகுதிக்குச் சென்றால் ஒரு கம்பத்து வீட்டையே காணலாம். சாங்கிக்குப் பேருந்தில் போகக்கூடியவர்கள் மந்திரவாதி வேடத்தில் விமானம் ஏறிச் சாங்கிக்குப் போய் மகிழ்ந்தோம் என்பதை இன்று சொல்லும்போது சிறிது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் மூவர் சிங்கப்பூரில் ஒரே உயர்நிலைப்பள்ளியில் படித்தவர்கள். நான்காமவர் எங்களுள் ஒருவரின் அத்தை மகன். ஜோகூர் பாருவில் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பின்னர் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர். எங்களுக்குத் தமிழ் நாள்தோறும் ஒரு பாடவேளை. அவருக்கோ ஆறாண்டுகள் கணக்கும் அறிவியலும் தமிழில்தான் நடந்தன. இந்த வேறுபாடு விளையாட்டில் எவ்வாறு புலப்பட்டது என்பதற்கு முன், கெர்னிங் நகரத்தில் நால்வருக்கென்றே அமைந்த ஒரு சவாலைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அச்சவாலுக்குள் அந்நாளில் ஒருவர் தனியாக நுழைய முடியாது. மூவரும் நுழைய முடியாது. நால்வர் வேண்டும், நால்வரும் 21-ஆம் நிலைக்கும் 30-ஆம் நிலைக்கும் இடைப்பட்டவராக இருக்கவேண்டும். இந்த இரண்டாம் விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வரும். முதற்கட்டத்தில் வினாக்கள் ஆங்கிலத்தில் வரும். மந்திரவாதியாக எந்த நிலையை எட்டவேண்டும் என்பது போன்ற வினா; விடை எட்டு எனில் எட்டுச் சீட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இரண்டாம் கட்டத்தில் நான்கு கயிறுகள் தொங்கும். அவற்றுள் சரியான மூன்றில் மூவர் தொங்கவேண்டும். எந்த மூன்று என்பது தெரியாது. தலைவர் கீழே நின்றுகொண்டு, 'இப்போது சரியா?' என்று காவலரிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். கணித ஆசிரியர்கள் இங்கிருந்தால் உடனே சொல்வார்கள்: நான்கில் மூன்றைத் தேர்வதற்கு வழிகள் 4. மூன்றாம் கட்டத்தில் ஐந்து மேடைகள், வழிகள் 10. நான்காம் கட்டத்தில் ஆறு பீப்பாய்கள், வழிகள் 20. நேரமோ ஓடிக்கொண்டிருக்கும். பள்ளியில் சேர்மானம் பற்றிய பாடம் வந்தபோது நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதனை ஏற்கெனவே கயிற்றில் தொங்கிக் கற்றிருந்தோம்.

2005-ஆம் ஆண்டின் இறுதி விடுமுறைக்கு ஜோகூர் நண்பர் சிங்கப்பூருக்கு வந்து தங்கினார். ஒரு கணினி விளையாட்டுக் கடையில் நால்வரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஆடினோம். குரல் ஓங்கியவர் என்பதால் அவரே தலைவர். அவர் தமிழில்தான் ஆணையிட்டார். அவருக்கு அது இயல்பு. எங்களுக்கோ, தமிழாசிரியர் இல்லாத இடத்தில் தமிழில் ஆணை கேட்பது புதிது.

முதல் நாளே தோற்றோம். காரணம் தமிழ் இலக்கணம்.

கயிற்றில் மூவரும் தொங்குகிறோம். அவர் காவலரிடம் சரிபார்த்துக் கொண்டிருக்கிறார். நாங்கள் அசையக்கூடாது. அவர் கத்துகிறார்: "இறங்காதே!" எங்களில் ஒருவர் உடனே இறங்கிவிட்டார். ஏன் இறங்கினாய் என்று கேட்டால், இறங்கச் சொன்னாய் இறங்கினேன் என்கிறார். இருவர் சொன்னதும் உண்மை. 'இறங்காதே' என்னும் சொல்லில் முதலில் காதில் விழுவது 'இறங்' என்பது. இறங்கவேண்டா என்னும் செய்தி சொல்லின் இறுதியில் வருகிறது. அது வருவதற்குள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது. தமிழில் எதிர்மறை ஏவல் வினையின் முடிவில் அமைவது என்பதை நாங்கள் வகுப்பில் படித்திருந்தோம். பயிற்சித்தாளில் சரியாக எழுதியும் இருந்தோம். அதனால் ஒரு கயிறு கைவிட்டுப் போகும் என்று மட்டும் எண்ணியதில்லை. ஔவையாரின் ஆத்திசூடியில் வரும் விலக்குகளும் அவ்வாறே 'ஏல்' என்று முடிவில்தான் விலக்குகின்றன. ஆனால் அது நின்று நிதானமாகக் கேட்பதற்கு உரியது.

பக்கத்து வரிசையில் ஆடிய மலாய் மாணவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'ஜங்கான்' என்னும் விலக்குச் சொல் அவர்களுக்கு வினைக்கு முன்னரே வந்துவிடும். ஆங்கிலத்திலும் அப்படியே, சீனத்திலும் அப்படியே. எங்களுள் ஒருவர், தமிழ் அவசரத்துக்கு உதவாத மொழி என்று அறிவித்தார். மற்றவர்கள் மறுக்கவில்லை. சில நாள்கள் 'ஜங்கான் இறங்கு' என்றொரு கலவை மொழியில் ஆடினோம், வெற்றியும் பெற்றோம். ஜோகூர் நண்பருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மொழிப்பற்று என்று சொல்லிவிட முடியாது. தலைவருக்குத் தம் மொழியில் ஆணையிட முடியவில்லையே என்னும் எரிச்சல்தான்.

விடை சாலையோரத்தில் கிடைத்தது. அவரும் எங்களுள் ஒருவரும் பாட்டியுடன் தேக்காவுக்குச் சென்ற ஒரு மாலையில், முன்னால் ஓடிய சிறு பேரனைப் பார்த்துப் பாட்டி, "நில்லு!" என்றார். 'ஓடாதே' என்று சொல்லவில்லை. அன்று முழுவதும் அவர்கள் பாட்டியின் வாயையே கவனித்தார்களாம். அடுப்பருகே கை நீட்டினால் 'பொறு'. கதவைத் திறக்கப் போனால் 'இரு'. கிண்ணத்தைத் தூக்கப் போனால் 'விடு'. நெருக்கடியான வேளையில் தமிழ் பேசும் பாட்டி விலக்குவதில்லை. செய்யவேண்டியதை நேராகச் சொல்கிறார். ஒருவர் எதைச் செய்யக்கூடாது என்பதற்குப் பதில் எதைச் செய்யவேண்டும் என்னும் ஓரசை ஈரசைச் சொற்கள் நம் மொழியில் குவிந்து கிடக்கின்றன. அவசரத்துக்கு உதவாதது தமிழ் அன்று. வகுப்பறையில் நாங்கள் கற்ற பகுதி மட்டுமே.

மறுநாள் முதல் எங்கள் ஆணைகள் மாறின. 'இறங்காதே' போய்த் 'தொங்கு' வந்தது. 'நகராதே' போய்ப் 'பொறு' வந்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. கயிறுகளுக்கு எண் வைத்திருந்தோம். 'இரண்டு' என்று தலைவர் தொடங்கும்போதே 'இறங்கு' என்று சிலர் காதில் விழும். தொடக்கவொலி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவர் 'ரெண்டு' என்று பேச்சுவழக்குக்கு மாறியதும் குழப்பம் தீர்ந்தது. அதே 2005-இல்தான் சிங்கப்பூரில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த மறுஆய்வுக் குழு, மாணவர்களின் பேச்சுத்தமிழுக்குக் கூடுதல் இடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அது குறித்து ஆசிரியர்களிடையே அந்நாளில் எழுந்த விவாதம் எங்களுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் 'ரெண்டு' பக்கம் வாக்களித்திருப்போம்.

விடுமுறை முடிந்து நண்பர் ஜோகூர் திரும்பினார். அதன்பின் வார இறுதிகளில் அவர் அங்கொரு கடையிலிருந்தும் நாங்கள் இங்கிருந்தும் சேர்ந்து ஆடினோம். குரல் இல்லை, எழுத்து மட்டும். தமிழை உரோமன் எழுத்தில் தட்டவேண்டியிருந்தது. லகர ளகர ழகர வேறுபாடு பற்றி ஆசிரியர்கள் எத்துணை முறை சொல்லியிருப்பீர்கள்! அதன் பயனை நாங்கள் உணர்ந்தது அங்கேதான். ஒருமுறை அவர் முன்னால் சென்று, "கீழ குழி" என்று எச்சரிக்கை எழுதினார். மூன்றும் ஒரே எழுத்தாகிவிடும் அந்த எழுத்தில் அதனை நாங்கள் "கீழே குளி" என்று படித்தோம். கீழே ஏதோ நீர்நிலை இருக்கிறது போலும் என்று மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் குதித்தோம். அதன்பின் ஆண்டுக்கணக்கில், எங்களுள் யாருக்கேனும் ஏதேனும் கெட்டது நேரப்போகிறது எனில், 'குளிக்கப் போகிறாய்' என்பதே எங்கள் வழக்கு.

முதற்கட்டத்தின் ஆங்கில வினாக்களில் அவர் தடுமாறுவார். விடையை நாங்கள் எழுதி அனுப்புவோம். மற்றக் கட்டங்களில் அவர் ஆணையிடுவார், நாங்கள் தொங்குவோம். அவருக்குக் கடையில் மணிக்கணக்கில் பணம் செலுத்தி ஆடவேண்டிய நிலை. வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். எங்களுக்கு வீட்டிலும் கணினி இருந்தது. எனவே எங்கள் நிலை விரைவாக உயர்ந்தது. 30-ஐத் தாண்டினால் நால்வர் சவாலுக்குள் சேர்ந்து நுழைய முடியாதல்லவா? ஆகையால் நாங்கள் வேட்டையாடுவதை நிறுத்தி, 30-ஆம் நிலையிலேயே காத்திருந்தோம். சனிக்கிழமை அவர் வரும்வரை ஊரில் சும்மா நின்று பேசிக்கொண்டிருப்போம். வளர்ச்சியைத் தாங்களே நிறுத்திவைத்த மாணவர்களை உங்கள் வகுப்பில் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே நாங்கள் அப்படி இருந்தோம். ஒரு மாதத்துக்கு மேல்.

இனிச் சுருளுக்கு வருவோம்.

அவ்விளையாட்டில் அரிதாகச் சில சுருள்கள் கிடைக்கும். கையுறையின் தாக்கும் திறனைக் கூட்டும் சுருள் அவற்றுள் பலரும் விரும்பியது. பலிக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு. ஒரு சனிக்கிழமை நால்வரும் சேர்ந்து வேட்டையாடியபோது அது விழுந்தது. எங்கள் நால்வரிடமும் இருந்த காசையெல்லாம் கூட்டினாலும் அதன் சந்தை விலை வாராது. கடைசி அடி ஜோகூர் நண்பரின் மந்திரம். அருகில் நின்றதால் எடுத்தவர் எங்களுள் கள்வன் வேடம் பூண்டவர். நாங்கள் மூவரும் அன்று ஒரே அறையில் அருகருகே இருந்தோம். திரையைப் பார்த்து ஆரவாரம் செய்தோம். அப்போதே, அந்த அறையிலேயே, கள்வனின் கையுறைக்கு அதனைப் பயன்படுத்துவது என்று முடிவும் செய்துவிட்டோம். திரையில் ஆங்கிலத்தில் மூன்றே சொல் எழுதினோம்: நமக்குக் கிடைத்துவிட்டது என்றும் அதனைப் பெயர்க்கலாம், எங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றும் பெயர்க்கலாம்.

சிறிது நேரம் மறுமொழி இல்லை. பிறகு அவர் எழுதினார்:

"நாமளா, நாங்களா?"

மாணவ நண்பர்களே, இவ்வினாவை ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். சுற்றி வளைத்து இரண்டு வாக்கியம் வேண்டியிருக்கும். கேட்பவரையும் உள்ளடக்கிய பன்மைக்கும் கேட்பவரை விலக்கிய பன்மைக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். மலாயில் 'கித்தா', 'காமி' என்று இரண்டு உண்டு. தமிழிலும் இரண்டு. நம் இலக்கண நூலார் முன்னையதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். பழந்தமிழில் 'நாம்', 'யாம்' என வழங்கிய இணை, 'யாம்' பேச்சிலிருந்து மறைந்தபின் 'நாம்', 'நாங்கள்' என்றாயிற்று. பழைய செய்யுள்களில் இவ்வேறுபாடு எல்லா இடங்களிலும் கறாராகக் காக்கப்பட்டதென்று சொல்லமுடியாது; ஆயினும் இருந்தது. ஒரு வேடிக்கை: இன்று கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல், உள்ளே அழைக்கும் சொல்லோடு 'கள்' சேர்ந்து பிறந்தது. ஆள்களைக் கூட்டியபோது எதிரே நின்றவர் விழுந்துவிட்டார்.

இவ்வளவும் அன்று எங்களுக்குத் தெரியாது. கேள்வி மட்டும் புரிந்தது. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதே, அந்த இடத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தப்பிக்கத்தானோ என்று இப்போது ஐயுறுகிறோம். தமிழில் எழுதியிருந்தால் முதற்சொல்லிலேயே உண்மை வெளிப்பட்டிருக்கும். எங்களுள் ஒருவர் சிரிப்பைக் குறிக்கும் மூன்றெழுத்தைத் தட்டினார். வேறு மறுமொழி தரவில்லை. சுருளைப் பயன்படுத்தினோம். அது பலித்தது. பலிக்காமல் போயிருந்தால் நால்வருக்கும் இல்லை என்றேனும் ஆகியிருக்கும்.

அவர் சண்டையிடவில்லை. அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அத்தையிடம் தொலைபேசியில் கேட்டபோது, படிக்கிறான் என்றார். நாங்கள் சிறிது காலம் காத்திருந்தோம். பிறகு யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே வேட்டைக்குப் போகத் தொடங்கினோம். 31 ஆனோம். 33 ஆனோம். அவர் மீண்டும் உள்ளே வந்தபோது அவருடைய மந்திரவாதி இன்னும் 27-இல் நின்றார். கெர்னிங் நகரத்தின் அந்தக் கதவுக்குமுன் நால்வரும் நின்றோம். எங்களை அது விடாது. அவர் முன்பின் அறியாத மூவரோடு அணி சேர்ந்து உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். சுருளுக்காக வருந்தியதைவிட அன்று வருந்தினோம்.

எங்களுள் ஒருவரின் தந்தை, மகன் முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டுவிட்டு, "இல்லாத ஊரில் யாரோடு சண்டை?" என்றார். கடிந்துகொள்ளவில்லை, உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் கணினிமுன் தனியே அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை. நார்வே நாட்டைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்னும் இளைஞரின் செய்தியை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். தசைச்சிதைவு நோயால் உடல் இயக்கம் குன்றிய அவர் 2014-இல் தம் 25-ஆம் வயதில் மறைந்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டிலேயே பொழுதைக் கழித்த மகன் நண்பரின்றி வாழ்ந்து முடிந்தானே என்று பெற்றோர் வருந்தினர். மகனின் வலைப்பதிவில் இறப்புச் செய்தியை அவர்கள் இட்டதும் பல இடங்களிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. அங்கே இபெலின் என்னும் பெயரில் தங்களோடு நடந்தவர், தங்கள் துயரங்களைக் கேட்டவர் என்று முகமறியாத நண்பர்கள் எழுதினார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச்சடங்குக்கே வந்தார்கள். 2024-இல் அது ஆவணப்படமாகவும் வெளிவந்தது. எங்கள் கதை அத்துணைப் பெரியதன்று. எனினும் அந்தத் தந்தையின் வினாவுக்கு விடை அங்கே இருக்கிறது: ஊர் இல்லாததாயினும் சண்டை இருந்தது, ஏனெனில் ஆள்கள் இருந்தார்கள்.

நாங்கள் ஒரு வழி கண்டோம். மூவரும் புதிய பாத்திரங்களைத் தொடங்கினோம். மீண்டும் நத்தை, மீண்டும் காளான். 21-ஐ எட்டிவிட்டால் அவரோடு அந்தக் கதவுக்குள் நுழையலாம் அல்லவா? விழுந்து விழுந்து அடித்து 21-ஐத் தொட்டபோது, அவர் 31 ஆகியிருந்தார். இதனை அவரிடம் சொன்னபோது, திரையில் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரே சொல் வந்தது: "குளி."

பழைய பாத்திரங்களோடு மீண்டும் சேர்ந்தது லூடிப்ரியம் என்னும் பொம்மை நகரத்தில். அங்குள்ள சவாலுக்கு அந்நாளில் 35 முதல் 50 வரை நிலை இருக்கலாம், இடைவெளி பெரிது. ஆனால் நால்வர் போதாது. வெளியார் இருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் ஈப்போவைச் சேர்ந்த மலாய் மாணவர், மற்றவர் சிங்கப்பூர்ச் சீன மாணவி. பொதுமொழி ஆங்கிலமும் மலாயும் என்றாயிற்று. எங்கள் தலைவர் மட்டும் பழக்கத்தால், ஆபத்தான இடங்களில் 'பொறு' என்றே தட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் நிற்போம், எங்களைப் பார்த்து அவர்களும் நிற்பார்கள். மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நாங்கள் அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடியபோது, பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது. தட்டியவர் ஈப்போ மாணவர். அதன் பொருளை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. சரியான இடத்தில் சரியாகப் பயன்படுத்தினார்.

ஆசிரியப் பெருமக்களே, நாங்கள் கல்வியியல் கற்றவர்கள் அல்லர். பாடத்தில் விளையாட்டைச் சேர்த்துவிட்டால் தமிழ் வளர்ந்துவிடும் என்று சொல்ல இங்கு வரவில்லை. பாடமாக்கினால் அது விளையாட்டாக இராது என்பதையும் அறிவோம். ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. இன்று உங்கள் மாணவர் நால்வர் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு இரவில் சேர்ந்து ஆடுகிறார்கள். குரலுக்கு இப்போது காசு இல்லை. கடைக்குப் போகவேண்டியதும் இல்லை. அவர்கள் ஒருவரையொருவர் எந்த மொழியில் நிறுத்துகிறார்கள், எந்த மொழியில் அழைக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். தமிழ் இல்லை என்று விடை வந்தால், அவர்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று உடனே முடிவு செய்துவிடவேண்டா. 'இறங்காதே' மட்டும் கற்று, 'தொங்கு' கல்லாதவர்களாக இருக்கக்கூடும். நாங்கள் இருந்தோம்.

இவ்வுரையின் படியை ஜோகூர் நண்பருக்கு அனுப்பி ஒப்புதல் கேட்டோம். இன்று அவர் கூலாயில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றுகிறார், பிள்ளைகள் இருவர். இரண்டு திருத்தங்கள் அனுப்பினார். ஒன்று, தாம் வராமலிருந்தது நாங்கள் முதற்படியில் எழுதியிருந்ததுபோல் மூன்று வாரம் அன்று, இரண்டு மாதம். திருத்திவிட்டோம், காலத்தை எடுத்துவிட்டோம். மற்றொன்று, சுருள் விழுந்தபோது கடைசி அடி தம்முடையது அன்று, வில்லாளியுடையது என்கிறார். எங்கள் மூவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது, அது அவருடையதுதான். இதில் மட்டும் அவர் சொல்லை ஏற்க மறுத்து, எழுதியபடியே விட்டிருக்கிறோம்.